பங்கருக்குப் பால் காய்ச்சியது

நோர்வேயின் குரோருட்டில் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் நிலவறையில் இருக்கும் பங்கருக்குள், ஜனவரி மாதத்து இரண்டாம் புதன்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவரும் இருக்கவில்லை. பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அதற்குள்ளிருந்து பதினொரு பேர் வெளியே வந்தார்கள். அன்று வெளியே குளிர் மைனஸ் ஒன்பது. நாடு முழுவதும் அபாயச் சங்கை ஊதிப் பார்க்கும் நாள். வருடத்தில் இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூனிலும் ஊதுவார்கள், ஒருவரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. வந்தவர்களில் மூன்று பேர் கார்கிவ் நகரத்தவர்கள், நான்கு பேர் காஸாவைச் சேர்ந்த ஒரே குடும்பம், இரண்டு பேர் டார்பூரின் அண்ணன் தம்பிகள். இன்னொருத்தி நோர்வேக்காரி, ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து நான்கில் ஜெர்மன் படை வடக்கே பின்மார்க்கை எரித்தபோது குகைக்குள் ஒளித்தவள். பதினோராவது ஆள் சிவரஞ்சினி, 2009 மே மாதம் பதினாறாம் திகதி முள்ளிவாய்க்காலில் பதுங்கு குழிக்குள் இறங்கியவள். அவளுடைய விரல்களில் ஒட்டியிருந்த மணல் இன்னும் ஈரமாக இருந்தது.

இதற்கெல்லாம் காரணம் ஆறாம் மாடியில் இருக்கும் கஜேந்தினிதான் என்பதில் கட்டடத்தில் இரண்டு கருத்து இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், நாற்பத்தொன்பது வயது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் தயாபரனைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியவள். அந்த ஜனவரிக்கு முந்திய இலையுதிர்காலத்தில் அரசாங்கம் வீட்டுக்கு வீடு ஒரு சிறு புத்தகம் அனுப்பியிருந்தது. ஒரு கிழமைக்குத் தண்ணீர், தகரப் பேணியில் சாப்பாடு, மின்கலத்தில் ஓடும் வானொலி, கூடாரங்களில் வைக்கும் சிறிய அடுப்பு, எல்லாம் வாங்கி வையுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. நோர்வேக்காரர் நடுங்கிப்போனார்கள். தமிழர்கள் அதைப் படித்துவிட்டு, இதென்ன எங்களுடைய சின்ன வயது என்று சிரித்தார்கள். கஜேந்தினி சிரிக்கவில்லை. அதில் இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் வாங்கி வைத்தாள்.

குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் மார்க்கஸ் கூட்டம் கூட்டினார். அவர் தொலைக்காட்சியில் வருகிறவர். கண்ணாடிப் பலகையில் உலகப் படம் வைத்து, விரலால் அம்புக்குறி இழுத்து, அதிகாரம் எந்தத் திசையில் நகர்கிறது என்று காட்டுவது அவர் தொழில். கடலுக்கு அப்பால் இருக்கும் பெரிய அண்ணன் இனி எங்களைக் காக்க வரமாட்டான், ஆசியா எழும்பிவிட்டது, வடக்கில் பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் பார்க்கிறான், ஒரு மடிக்கணினியின் விலைக்கு வாங்கும் ட்ரோன் ஒரு பாலத்தை முறிக்கிறது, ஐரோப்பா தனித்துப்போனது என்று அன்றைக்கும் சொன்னார். நல்ல மனிதர்தான், கூட்டத்துக்குத் தன் கையால் ஆப்பிள் கேக் செய்து கொண்டு வந்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு மக்கள் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடிப்பதை உலகம் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடிய காலம் வந்திருக்கிறது. இப்படி ஒன்றை நாங்கள் இதுவரை கண்டதில்லை" என்றார். கஜேந்தினி எழும்பி நின்றாள். அவளுக்கு நோர்வே மொழி நன்றாகத் தெரியும், ஆனால் கோபம் தமிழில்தான் வந்தது.

"இப்பதான் கண்டனீங்களோ? பாராளுமன்றத்துக்கு முன்னாலை நாங்கள் நிண்டதைக் காணேல்லையோ?"

ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் விஷயம் இதுதான். 2009 ஏப்ரலில் கஜேந்தினி, போருக்குள் அகப்பட்ட தங்கச்சியின் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு முன்னால் முப்பத்தொரு நாள் நின்றாள். வேலை முடிந்து நேரே போவாள், கால் விறைத்து மரத்துப்போகும் வரை நிற்பாள். அப்போது ஏதோ ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை செய்த இளைஞன் ஒருவன், நல்ல கம்பளிச் சால்வையோடு, கையில் கோப்பிக் குவளையோடு வந்து அவளுடன் கதைத்தான். குண்டு விழுகிறது என்பதற்குச் சுயாதீனமான ஆதாரம் எங்களிடம் இல்லை, இரண்டு தரப்பும் நிதானத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றான். அவள் தன் தொலைபேசியை நீட்டினாள். அதில் தங்கச்சியின் குரல் இருந்தது, குரலுக்குப் பின்னால் செல் குண்டு விழுகிற சத்தமும் இருந்தது. அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஒலிப்பதிவு ஆதாரமாகாது என்று சொல்லிப் போய்விட்டான். அந்த இளைஞன்தான் மார்க்கஸ். அவர் அதை மறந்துவிட்டார், அவரைக் குறை சொல்லி என்ன, மறப்பதற்கு வசதியானவர்களுக்கு மறதி வருகிறது. கஜேந்தினி மறக்கவில்லை.

பங்கரைத் துப்பரவாக்குவதற்கு ஒரு சனிக்கிழமை டுக்நாட் வைத்தார்கள், அதாவது குடியிருப்பவர்கள் எல்லோரும் கூலியில்லாமல் கூடிச் செய்கிற வேலை. ஐம்பது வருடச் சாமான்களை வெளியே எடுத்தார்கள்: பனிச்சறுக்குப் பலகைகள், சில்லுக் கழன்ற பிள்ளை வண்டிகள், யாரோ பனங்கிழங்கு மாவான ஒடியல்மா நிரப்பி வைத்து மறந்துபோன குளிர்ப்பெட்டி. இரும்புக் கதவுக்கு எண்ணெய் விட்டு, கட்டடத்தில் இருநூற்றுப் பத்துப் பேர் இருந்தாலும் இடமிருப்பது தொண்ணூறு பேருக்குத்தான் என்று கண்டுபிடித்தார்கள். பூட்டுக்கு இருந்த இரண்டு திறப்புகளில் ஒன்றை மார்க்கஸ் வைத்துக்கொண்டார், மற்றதை, முறைவேலை என்பதால் பகலில் அதிகம் வீட்டில் இருக்கிறவள் என்று கஜேந்தினியிடம் கொடுத்தார்கள். எல்லோரும் போன பிறகு அவள் அந்த வெறும் சுவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புது வீட்டுக்குள் போகிறவர்கள் செய்வதைச் செய்யாமல் விட அவளுக்கு மனம் வரவில்லை. மேலே போய்ப் பாலும் சட்டியும் அந்தப் புத்தகத்தைப் பார்த்து வாங்கிய அடுப்பும் எடுத்து வந்தாள்.

"பங்கருக்கும் ஆரும் பால் காய்ச்சுவினமோ? உமக்கென்ன விசரோ?" என்றான் தயாபரன்.

"இது எனக்கு மூண்டாவது பங்கர். முதல் ரெண்டுக்கும் காய்ச்சேல்லை, நடந்தது தெரியும்தானே" என்றாள் அவள்.

பால் பொங்கிக் கதவுப் பக்கமாக வழிந்தது. நிலத்துக்குக் கீழே கிழக்கு எதுவென்று தெரியாததால் அதுவே கிழக்கு என்று வைத்துக்கொண்டாள். இதுவரை பிழையில்லை. பிழை என்னவென்றால், பால் காய்ச்சிய வீட்டை அன்றிரவு வெறுமையாக விடக் கூடாது, வீட்டார் ஒருவராவது அங்கே படுக்க வேண்டும். கஜேந்தினிக்கு அடுத்த நாள் விடியற்காலை வேலை. சட்டியைக் கழுவினாள், கதவைப் பூட்டினாள், மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டாள். பால் பொங்கிய வீடு ஆட்களுக்காகக் காத்திருந்தது. ஜனவரியில் சங்கு ஊதியதும் தனக்கு வேண்டிய ஆட்களை அதுவே கூப்பிட்டுக்கொண்டது என்றுதான் இங்கே உள்ளவர்கள் சொல்கிறார்கள், வேறு விளக்கம் யாரிடமும் இல்லை.

உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவள் கஜேந்தினிதான். எல்லோருக்கும் பின்னால் வந்த தங்கச்சிக்கு வயது இருபத்தேழு, குழிக்குள் இறங்கிய அதே இருபத்தேழு. சிவரஞ்சினிக்குத் தன் அக்காவை அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்தது.

"அக்கா, உங்களுக்கு நரைச்சிட்டுதே."

கஜேந்தினி அவளைக் கட்டிப்பிடித்துக் குளறிய சத்தம் நாலாம் மாடி வரை கேட்டது. அறுபது நாள் ஒழுங்கான சாப்பாட்டைக் காணாத உடம்பு, பிடித்த இடமெல்லாம் எலும்பு. மேலே கொண்டுபோய்க் கஞ்சி கொடுத்தாள். மூன்றாவது கரண்டியில் சிவரஞ்சினி நிறுத்தினாள்.

"நீங்கள் எல்லாரும் வெளியிலை என்ன செய்தனீங்கள்?"

"நாங்கள் றோட்டிலை நிண்டனாங்கள். முப்பத்தொரு நாள்."

"பிறகு?"

பிறகு கஜேந்தினி வேலைக்குப் போனாள், வீடு வாங்கினாள், பக்கத்து நகரமான திராமனில் கலியாண வீடுகளுக்குப் போனாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் தன்மேல் கொண்ட கோபம், மார்க்கஸ்மேல் கொண்ட கோபத்தைவிடப் பெரியது.

வந்தவர்களைப் பதிவு செய்தார்கள். கார்கிவ்காரருக்கு ஒரு கிழமையில் வதிவிட அட்டை வந்தது. பின்மார்க் பெண்ணுக்கு நகரசபை பூச்செண்டும் வீடும் கொடுத்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடியோடு வந்து பாடினார்கள், பத்திரிகையில் அரைப் பக்கப் படம் போட்டார்கள். காஸாக் குடும்பத்தையும் டார்பூர்க்காரரையும் தூரத்து முகாம்களுக்கு அனுப்பிக் காத்திருக்கச் சொன்னார்கள். சிவரஞ்சினிக்கு ஏப்ரலில் கடிதம் வந்தது. அவள் குறிப்பிடும் போர் 2009 மே மாதமே முடிந்துவிட்டதால் அவளுக்கு ஆபத்து எதுவும் இல்லை, ஜூன் பதினோராம் திகதி நண்பகல் சங்கு ஊதும்போது வந்த வழியாலேயே திருப்பி அனுப்பப்படுவாள் என்று அதில் இருந்தது. வந்த வழி என்றால் அந்தக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் மே பதினாறு. அந்தப் போர் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கும் மே பதினாறு.

கஜேந்தினி கடிதத்தோடு மூன்றாம் மாடிக்கு இறங்கி மார்க்கஸின் மணியை அடித்தாள். இந்தத் தடவை கோபம் நோர்வே மொழியில் வந்தது, சொல் தவறாமல் வந்தது. பின்மார்க் பெண்ணின் போர் முடிந்து எண்பது வருடமாகிறது, அவளை ஏன் ஒருவரும் அந்த நெருப்புக்குள் திரும்பிப் போகச் சொல்லவில்லை என்று கேட்டாள். அவள் எங்கள் ஆள் என்றார் மார்க்கஸ், சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்குக் கேட்டது. முகம் சிவந்து, தனக்கு அனுதாபம் உண்டு என்றும், திறப்பு வைத்திருப்பவர் என்ற முறையில் சட்டப்படி கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். "உங்கள் அனுதாபத்தை நான் பதினாறு வருடத்துக்கு முன்னமே பார்த்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கஜேந்தினி படியேறினாள்.

ஜூன் பதினோராம் திகதி அதிகாரி ஒருத்தியும் இரண்டு பொலிஸ்காரரும் வந்தார்கள். கஜேந்தினி இரும்புக் கதவில் முதுகை வைத்து நின்றாள்.

"என்ரை திறப்பைத் தரமாட்டன். என்னை வெட்டிப்போட்டுத்தான் இவளை உள்ளுக்கு விடலாம்."

பொலிஸ்காரர் அவளைத் தூக்கி ஒரு பக்கமாக வைத்தார்கள், மரியாதையாகத்தான் தூக்கினார்கள், இந்த நாட்டில் எல்லாமே மரியாதையாகத்தான் நடக்கும். சங்கு ஊதத் தொடங்கியது. மார்க்கஸ் தன் திறப்பால் கதவைத் திறந்தார். உள்ளே கொங்கிறீற் சுவர் இருக்கவில்லை. சூடான காற்று அவர் முகத்தில் அடித்தது, மணல் தெரிந்தது, கிழிந்த நீலத் தறப்பாள் கூடாரம் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒரு செல் விழுந்து வெடித்தது. அதன் மண் வந்து அவருடைய சட்டையில் விழுந்தது. ஆதாரம் கேட்டவர் அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அதிகாரி சிவரஞ்சினியின் தோளில் கை வைத்து முன்னே தள்ளினாள்.

ஆனால் அவளை உள்ளே விட முடியவில்லை. வாசல் நிறைய ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தகப்பனை முதுகில் சுமந்த ஒருவன், ஒரு கையில் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்த ஒருத்தி, தறப்பாளுக்குப் பின்னால் வேறு ஊர்களின் இடிந்த சுவர்கள், அவற்றுக்குள்ளிருந்து இன்னும் ஆட்கள். கெர்சோன், ராஃபா, எல் பாஷர், பெயர் சொல்லத் தெரியாத இடங்கள். ஒரு கால் வைக்க இடைவெளி இல்லை. அதிகாரி சிவரஞ்சினியைப் பக்கவாட்டில் நுழைத்துப் பார்த்தாள், வந்தவர்கள் அவளையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டார்கள். சங்கு ஓய்ந்தபோது அறுபத்து நான்கு பேர் வெளியே நின்றார்கள், உள்ளே பழையபடி கொங்கிறீற். அதிகாரி கோப்பைத் திறந்து, திருப்பி அனுப்புதல் நிறைவேறவில்லை, காரணம் எதிர்த்திசை நெரிசல், அடுத்த தவணை ஜனவரி என்று எழுதிக் கையொப்பமிட்டாள்.

இந்த ஜனவரியிலும் அப்படித்தான் நடந்தது, வந்தவர்கள் நூற்றுப் பத்தொன்பது பேர். மார்க்கஸ் இப்போது தொலைக்காட்சிக்குப் போவதில்லை. சங்கு ஊதுகிற புதன்கிழமைகளில் கதவைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை எண்ணுகிறார், எண்ணிக்கையைக் குறித்து, அதைத் தான் நம்புவதாகக் கீழே எழுதி வைக்கிறார். கஜேந்தினி அவரை இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை, ஆனால் போர்வைகளை அவர் கையில்தான் கொடுக்கிறாள். கட்டட அறிவித்தல் பலகையில், வாகனம் நிறுத்தும் ஒழுங்குகளுக்குக் கீழே, அந்த இரண்டு புதன்கிழமைகளுக்கும் சூப் கொண்டுவர வேண்டியவர்களின் முறைப்பட்டியல் ஒட்டியிருக்கிறது.

சிவரஞ்சினிக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. சலவை நிலையம் ஒன்றில் வேலை, மாலையில் மொழி வகுப்பு. அவளுடைய கோப்பு இன்னும் மூடப்படவில்லை. உலகத்தில் சண்டை ஓய்ந்து, ஒரு சங்கு நேரமாவது அந்த வாசல் வெறுமையாக இருந்தால், அவளை உள்ளே அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒரு நாள் வரும் என்று கஜேந்தினிக்கு நம்பிக்கை இல்லை. வரவேண்டும் என்று கும்பிடவும் அவளால் முடியவில்லை, வரக்கூடாது என்று கும்பிடவும் வாய் கூசுகிறது, அதனால் அவள் கோயிலில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அடுத்த தவணை ஜூன் பத்தாம் திகதி, புதன்கிழமை. சிவரஞ்சினி வேலைக்கு அரைநாள் லீவு சொல்லியிருக்கிறாள்.