விற்பனைக்கு இல்லாத கவுன்

கல்யாண கவுனை உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற மணப்பெண்ணை நான் அதுவரை கண்டதில்லை. வருகிறவர்கள் கண்ணாடி முன்னால் நின்று ஒரு சுற்று சுற்றுவார்கள். அம்மா கண்ணைத் துடைப்பாள். கூட வந்த சித்தி மட்டும், "இடுப்பு கொஞ்சம் பெரிசா தெரியுதே" என்று ஆரம்பிப்பாள். இவளோ தனியாக வந்தாள். கவுனை எடுத்து, லைனிங்கை வெளியே இழுத்து, தையல் மேல் மெதுவாக விரலை ஓட்டினாள். எனக்கு மூக்கில் வேர்த்தது.

கடைக்கு நானும் என் தங்கையும்தான். நான் பேசுவேன், விற்பேன், தேவைப்பட்டால் சண்டை போடுவேன். சின்னவள் வரைவாள், வெட்டுவாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது இந்தக் கடையும் அவளும்தான். இரண்டில் எதையாவது ஒருவர் தொட்டால் சும்மா விடமாட்டேன்.

போன சீசனில் தொட்டுவிட்டார்கள். மணிக்கட்டில் பூவாக விரியும் லேஸ் கை ஒன்றை அவ்வளவு மெனக்கெட்டுச் செய்திருந்தோம். ஜன்னலில் வைத்த அன்றே பார்த்தால், எதிர்க்கடை ஜன்னலிலும் அதே கை! எதிர்க்கடைக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர், வாசலில் நின்று எனக்குக் கையசைத்தார். பதிலுக்கு நான் கதவைச் சாத்தினேன். அன்றிலிருந்து எங்கள் கடைக்குள் வருகிற ஈ, எறும்பைக்கூட நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த சீசனுக்கு ஆறு கவுன்கள். குள்ளமான பெண்ணுக்கு, இடுப்பை மேலே தூக்கி, கீழே குறுக்குத் தையலே இல்லாமல் ஒன்று. தோள் அகன்றவளுக்கு, கழுத்து கூராக இறங்குகிற ஒன்று. ஆடாமல் இருக்க முடியாதவளுக்கு, தரையில் புரளும் வாலை மடித்துக் கொக்கியில் மாட்டிக்கொள்ள ஒன்று. வயிற்றில் பிள்ளையோடு மேடை ஏறுகிறவளுக்கு, பக்கவாட்டு நாடாவை யாரும் பார்க்காமல் தளர்த்திக்கொள்ள ஒன்று. குளிர் தாங்காதவளுக்கு நீளக் கை வைத்த சாட்டின். இரண்டாம் முறை கட்டிக்கொள்கிறவளுக்கு, வெள்ளை என்றும் சொல்ல முடியாத, சந்தனம் என்றும் சொல்ல முடியாத ஒரு நிறம். ஆறுமே எனக்குச் செல்லம்தான்.

சின்னவள் ஏழாவதாக ஒன்று வரைந்துகொண்டு வந்தாள். மணி இல்லை, லேஸ் இல்லை. பட்டன் வரிசை முதுகில் இல்லாமல் முன்பக்கம் இருந்தது.

"இது யாருக்குடி?" என்றேன்.

"நாப்பது தாண்டி, முதல் தடவையா கல்யாணம் பண்ணிக்கிறவளுக்கு. தானே பட்டன் போட்டுக்கலாம். கூட ஒருத்தர் நிக்க வேண்டியதில்ல."

நான் சிரித்தேன். "நாப்பதுக்கு மேல கட்டிக்கிறவ கவுனா தேடப் போறா? நல்ல மூட்டுவலி டாக்டரைத் தேடுவா."

அவளும் கூடவே சிரித்தாள். படத்தைச் சுருட்டி வெட்டு மேஜைக்கு அடியில் போட்டாள். அதைப் பார்த்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

உள்பக்கக்காரி, நான் அவளுக்கு வைத்த பெயர், திரும்பத் திரும்ப வந்தாள். ஆறு கவுனையும் போட்டுப் பார்த்தாள், ஆறையும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றையும் வேண்டும் என்று சொல்லவில்லை. ஒருநாள் அவள் போகும்போது கதவோரம் நின்று பார்த்தேன். நேராக எதிர்க்கடை வாசலுக்குப் போய், ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு நடந்தாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சின்னவள் சாயங்காலமானால் "பட்டன் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவாள். வெறுங்கையோடு வந்தால், "கலர் சரியா கிடைக்கல" என்பாள். நான் தலையாட்டுவேன். என் நிழலையே நம்பாதவள் என்று என்னைச் சொல்வார்கள். ஆனால் அவளைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த முறை உள்பக்கக்காரி சாட்டின் கவுனைத் திருப்பியபோது போய்க் கையைப் பிடித்துவிட்டேன்.

"யாரு அனுப்பினாங்க உன்னை?"

"புரியலையே."

"நடிக்காத. எந்த ஊர் பொண்ணு கல்யாணக் கவுனைத் திருப்பித் தையலை எண்ணுவா? எதிர்க்கடையில என்ன குடுக்கறாங்க உனக்கு?"

அவள் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி, காலரை விலக்கிக் காட்டினாள். தோளிலிருந்து மார்புவரை தோல் சுருங்கிப் பளபளத்தது. "சின்ன வயசுல கொதிக்கிற எண்ணெய் கொட்டிடுச்சு. உள்தையல் உரசினா எரியும். அதான் தடவிப் பாக்கறேன்."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நான், "தழும்பு இருந்தா வேவு பாக்க மாட்டாங்கன்னு இருக்கா?" என்றேன். அவள் பட்டனைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சின்னவள் கத்தரியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு யாரையுமே நம்ப வராதாக்கா?"

"நம்பினவங்க எல்லாம் என்ன வாழ்ந்துட்டாங்க?"

கொஞ்ச நேரம் கழித்து அவள் என் மேஜைக்கு வந்தாள். "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எதிர்க்கடைக்காரன் என்ன திருடறான்னு தெரிஞ்சா சொல்லு. வேற எதுவும் இப்ப என் காதுல ஏறாது."

"அப்ப ஒண்ணுமில்ல" என்று திரும்பிப் போனாள்.

சீசன் தொடங்குகிற அன்று தெருவில் எல்லாக் கடைக்காரர்களும், புது கவுன்களை மறைத்து ஜன்னலில் ஒட்டிய காகிதத்தைக் கிழிப்பார்கள். காலையிலேயே சின்னவளைக் காணோம். பட்டன்தான் என்று நினைத்தேன். எங்கள் காகிதத்தை நானே கிழித்துவிட்டு எதிரே பார்த்தேன். எங்கள் ஆறில் ஒன்றுகூட அங்கே இல்லை. நடு ஜன்னலில் தனியாக நின்றது ஏழாவது. மணி இல்லாமல், லேஸ் இல்லாமல், முன்பக்கம் பட்டன் வைத்து. காலடியில் ஓர் அட்டை: விற்பனைக்கு அல்ல.

திருடினதும் போதாதென்று நக்கல் வேறா? செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டினேன்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவள் உள்பக்கக்காரி. கண்ணாடி முன்னால் நீளக் கை கவுனில் நின்றாள். "கையும் களவுமா மாட்டினியா?" என்று கத்திக்கொண்டே அவளிடம் போனேன். அருகில் போன பிறகுதான் கவுனைப் பார்த்தேன். தையல் விளிம்பெல்லாம் வெளிப்பக்கம் மடித்து, மேலே பட்டு நாடா வைத்து மூடியிருந்தது. உள்ளே உரச ஒன்றுமில்லை. அந்த மடிப்பை வீட்டில் தினமும் பார்க்கிறேன். அது சின்னவளின் கை வேலை.

மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஏழாவது கவுனின் இடுப்பு பின்னால் சரியாக இருந்தது, முன்னால் ஒரு விரல் மேலே ஏறியிருந்தது. மட்டமான வெட்டு என்று ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. பிறகு அந்தத் தப்பு எனக்குத் தெரிந்தது. தன்னைத் தானே அளக்கிறவள் குனிந்துதான் டேப்பைப் படிக்க வேண்டும். குனிந்தால் முன்பக்கம் குறைந்துவிடும். அதனால்தான் எங்கள் தொழிலில் யாரும் தன்னைத் தானே அளக்க மாட்டோம். சின்னவளுக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து சின்னவள் வந்தாள். பின்னாலேயே எதிர்க்கடைக்காரர், மூக்குக்கண்ணாடிக் கயிற்றைத் திருகிக்கொண்டு.

"நான்தாங்க ஜன்னல்ல வச்சேன்" என்றார் அவர். "அவ வேணாம்னுதான் சொன்னா. எனக்குத்தான் நாலு பேருக்குக் காட்டணும்னு ஆசை."

"எப்போலேருந்து?" என்று அவளைக் கேட்டேன்.

"போன சீசன்லேருந்து."

"அப்போ அந்த லேஸ் கை?"

"ரெண்டு கடைக்கும் ஒரே லேஸ்காரன்தானேக்கா. ஒரே மாதிரியை ரெண்டு இடத்துலயும் காட்டியிருக்கான். அந்தக் கையைப் பத்திச் சண்டை போடத்தான் நான் முதல்ல இங்க வந்ததே."

"இவ?" கண்ணாடி முன்னால் நின்றவளைக் காட்டினேன்.

"நீ துரத்திவிட்டா அவ வேற எங்க போவா? நான்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா, முதல்ல என்னை என்ன கேட்டிருப்ப?"

எத்தனை டிசைனை இவனுக்குக் கொடுத்தாய் என்று கேட்டிருப்பேன். பொய் சொல்வானேன், அந்த நிமிஷமும் அந்தக் கேள்வி என் நாக்கு நுனியில்தான் நின்றது. அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"முன்பக்கம் ஏறியிருக்கு" என்றேன்.

"தெரியும்."

"இவரை அளக்கச் சொல்லியிருக்கலாமே."

"உன்னைத் தவிர யாரும் என்னை அளந்ததில்லையேக்கா." அதுவரை தைரியமாக இருந்த அவள் குரல் அங்கே உடைந்தது. "டேப்பை எடுத்துட்டு எத்தனையோ தடவை உன் ரூம் வாசல் வரைக்கும் வந்தேன்."

எனக்கும் அழுகை வந்தது. அழாமல், என் கழுத்தில் எப்போதும் கிடக்கிற டேப்பை உருவினேன். "நேரா நில்லு. குனியாத" என்றேன்.

நின்றாள். உள்பக்கக்காரி தானாகவே கண்ணாடியை விட்டு விலகி இடம் கொடுத்தாள். அவளிடம் "மன்னிச்சுக்கோம்மா" என்றேன். டேப்பைத் தங்கையின் இடுப்பைச் சுற்றி வைத்துப் படித்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் வரவில்லை. மறுபடியும் வைத்தேன். அதே குறைந்த எண்தான் வந்தது.

அவள் இளைத்திருந்தாள். தெருவில் போகிற வருகிற எல்லாரையும் நான் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் எப்போதோ இளைத்திருக்கிறாள்.