ஏறும் இடம், இறங்கும் இடம்

நள்ளிரவில் விமான நிலையத்தின் வெளிவாசலில் பெட்டியை முழங்காலுக்கு அண்டக் கொடுத்து நின்றபடி, வாடகைக் கார் ஓட்டுநரிடம் போனில் குரலை உயர்த்தியபோது, தவறு முழுக்கத் தன்னுடையது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருப்பார். வழக்கம் அதுதான்.

“வண்டி வந்துட்டதா காட்டுது, ஆளையே காணோமேப்பா. நான் வாசல்லதான் நிக்கிறேன்.”

“நானும் வாசல்லதான் சார் நிக்கிறேன்.”

“எந்த வாசல்?”

“பச்சை கேட். உள்ள ஒரு சைக்கிள், காத்து இல்லாம சாஞ்சு கிடக்கு.”

அந்தச் சைக்கிளை அவருக்கு நன்றாகத் தெரியும். தொப்பையைக் குறைக்க வாங்கியது. குறைந்தது டயரின் காற்றுதான்.

போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஏறும் இடம்: வீடு. இறங்கும் இடம்: விமான நிலையம். இத்தனைக்கும் மருத்துவமனைகளுக்கு வழிகாட்டிப் பலகை வடிவமைப்பதுதான் அவர் பிழைப்பு. எலும்பு முறிவுக்கு இடது பக்கம், கழிப்பறைக்கு நேரே என்று ஊருக்கே வழி சொல்கிறவர். அலுவலகத்தில் அவருக்கு அம்புக்குறி என்றே பெயர். அம்பு திரும்பிக்கொண்ட கதை அங்கே எட்டினால் ஓய்வு பெறும்வரை ஓட்டித் தள்ளுவார்கள்.

“ஹாரன் மட்டும் அடிச்சிடாதீங்க,” என்றார் பணிவாக.

“அடிச்சாச்சு சார். லைட் எரியுது. மேடம் வர்றாங்க.”

அம்புக்குறி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். வேறு ஊரில் திறக்கும் கிளைக்குப் பொறுப்பேற்க, மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதைப் பரிசு வாங்கிய பிள்ளைபோல ஓடிவந்து சொன்னவர் அவர். அன்றிலிருந்து அவள் பேச்சைச் சுருக்கிவிட்டாள். ‘நீயும் வருவேல்ல’ என்றால் ‘ம்’. அந்த ‘ம்’ சம்மதமா, மறுப்பா, விளக்கை அணைக்கச் சொல்வதா என்று எதுவும் பிடிபடவில்லை. புது ஊருக்குப் போய் ஒரு வீட்டையும், அதன் மாடியில் ஒரு சின்ன அறையையும் பார்த்துப் படம் அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அங்கிருந்து இப்போதுதான் திரும்பி வந்து இறங்கியிருந்தார். விடிந்ததும் அந்த வீட்டின் சொந்தக்காரருக்குச் சொல்லியாக வேண்டும்: இருவருக்கான வீடா, ஒண்டிக்கட்டைக்கான அறையா?

போன் கைமாறியது.

“எங்க போறதுக்கு வண்டி?” மனைவியின் குரல்.

“போறதுக்கில்லம்மா, வர்றதுக்கு. கொஞ்சம் மாத்திப் போட்டுட்டேன். நீ போய்ப் படு. நான் கேன்சல் பண்ணிட்டு…”

“பாவம், அவர் இவ்வளவு தூரம் வந்திருக்கார். கேன்சல் எல்லாம் வேணாம். நீங்க அங்கயே நில்லுங்க.”

“நில்லுங்கன்னா?”

“நகராம இருங்கன்னு அர்த்தம்.”

அவர் நகரவில்லை. திரையில் கட்டெறும்பு அளவு கார் ஒன்று தன்னை நோக்கி ஊர்ந்து வருவதைப் பார்த்தபடி பேச்சைத் தயார் செய்தார். வீட்டின் காற்றோட்டம், சம்பள உயர்வு, பக்கத்துப் பூங்கா, நடுவில் ஒரு மன்னிப்பு. ஒரே பலகையில் எல்லாவற்றையும் திணிக்கச் சொல்லும் வாடிக்கையாளர்களை அவரே திட்டியிருக்கிறார்.

கார் வந்து நின்றது. பின்சீட்டில், இரவு உடைக்கு மேல் அவருடைய பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“திரும்பப் புக் பண்ணுங்க சார்,” என்றார் ஓட்டுநர். “ஏறுற இடம் இதுதானே? எதுக்கும் கேட்டுக்கறேன்.”

“இதேதான்,” என்று அசடு வழிந்தார். புக் செய்ததை மனைவி எட்டிப் பார்த்துச் சரிபார்த்தாள். அதுவே போதுமான வசவாக இருந்தது.

கார் மேம்பாலம் ஏறியது.

“அந்த வீட்ல சமையலறை ஜன்னல் ரொம்பப் பெருசு,” என்று தொடங்கினார்.

“ம்.”

“பக்கத்துலயே பார்க்…”

“ம்.”

தயார் செய்த பேச்சில் மிச்சமிருந்தது மன்னிப்பு மட்டும். அதையும் பூசி மெழுகத்தான் மனசுக்குள் எழுதி வைத்திருந்தார். தூக்கக் கலக்கத்தில் வீங்கிய அவள் முகத்தில் சாலை விளக்கு வந்து வந்து போனது. இவ்வளவு நாளும் இவளிடம் படம் காட்டினோமே தவிர எதையும் கேட்கவில்லை என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

“நான் உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கல. தப்புதான். இப்ப கேக்கறேன். நீ என்ன சொன்னாலும் சரி. என்கூட அந்த ஊருக்கு வர்றியா?”

ஓட்டுநர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். கேட்கும் ஆசையை அவர் மறைத்துக்கொள்ளவும் இல்லை.

அவள் நேராகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“வரமாட்டேங்க,” என்றாள். “கோபம் இருக்கு. ஆனா அதுக்காக இல்ல. பக்கவாதம் வந்து விழுந்தவங்களைத் திரும்ப நடக்க வைக்கிறதுதான் என் வேலை, உங்களுக்கே தெரியும். இப்பத்தான் கம்பியைப் பிடிச்சு நிக்க ஆரம்பிச்சிருக்காங்க. அவங்களைப் பாதியில விட்டுட்டு வர எனக்கு மனசில்ல. நீங்க போங்க. அந்தச் சின்ன ரூமையே எடுத்துக்கங்க.”