எங்கும் திறக்கும் கோப்பு

ஒரகடத்து பிரேக் பாக ஆலையில் அன்று காலை எல்லா லைன்களும் நின்றதற்கு மின்வெட்டோ வேலைநிறுத்தமோ காரணம் அல்ல, மாரிசெல்வத்தின் சிக்கனம்தான். சோதனை மென்பொருளின் புதிய பதிப்பை செவன்-ஜிப்பில் இறுக்கிச் சுருக்கி, இடம் மிச்சம் பிடிக்கப் பழையதையும் அழித்துவிட்டு, எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பியிருந்தான். கோப்பு பாதியாக இளைத்ததில் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அதைப் பிரிக்கும் செயலி எந்த லைன் கணினியிலும் கிடையாது என்பது மட்டும் மறந்துபோயிற்று. பூட்டிய பெட்டியை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, சாவியைச் சொந்த ஊர் திருநெல்வேலியிலேயே விட்டுவிட்டு வந்தவன் கதை.

பென்டிரைவும் கையுமாக லைன் லைனாக ஓடினான். மேனேஜர் விஜயராகவன் கத்தவில்லை. நீ இல்லாமலே திறக்கிற மாதிரி ஒன்று செய் என்று மட்டும் சொன்னார். மாரிசெல்வம் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை, பரீட்சையாக எடுத்துக்கொண்டான். காரணம் இருந்தது. அவன் ஒப்பந்த ஆள். நிரந்தரமானால் மனைவி இசக்கிசெல்வியை ஊரிலிருந்து அழைத்து வந்து ஆலைக்குப் பக்கத்து வடக்குப்பட்டில் ஒரு வீடு பிடிக்கலாம். அவளும் போனில் தினமும் கேட்கிறாள், கேட்டீங்களா என்று. அவனும் தினமும் மேனேஜரின் ‘பாக்கலாம்’ஐ அப்படியே அஞ்சல் செய்துவிடுகிறான்.

அடுத்து அதையே சாதாரண ஜிப் கோப்பாக அனுப்பினான். விண்டோஸ் கணினிகள் கேட்காமலே பிரித்துக்கொண்டன. லினக்ஸில் ஓடும் சோதனை எந்திரங்களிலோ கோப்பு பிரிந்தது, நிரல் ஓடவில்லை. ஓடுவதற்கான அனுமதி வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தது. உள்ளே விட்டுவிட்டார்கள், அனுமதி மட்டும் இல்லை. ஆலையில் தன் நிலைமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்று சிரித்துக்கொண்டான். கடைசியில் விண்டோஸுக்கு ஜிப், லினக்ஸுக்கு அனுமதியையும் சேர்த்துச் சுமக்கும் டார்-ஜிஇசட் என்று இரண்டாக வகுத்தான். எந்த எந்திரத்துக்கு எது என்பதை அனுப்பும் நிரலே பார்த்துக்கொள்ளும்படி எழுதினான்.

மறைமலை நகர் கிளை வரை எல்லாம் தானாகத் திறந்தது. அந்த வாரம் முழுக்க அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. மேனேஜர் கைகுலுக்கினார். வேலை விஷயத்தைக் கேட்டால் பாக்கலாம் என்றார். எச்.ஆரில் கேட்டால் மேலே போயிருக்கிறது என்றார்கள். எவ்வளவு மேலே என்று அவனும் கேட்கவில்லை.

கேன்டீனில் லைன் சூப்பர்வைசர் தேவராஜனுக்கு எதிரே மாரிசெல்வம் தட்டை வைத்தான். அவர் காஞ்சிபுரத்துக்காரர். அவன் அண்ணாச்சி என்று கூப்பிடும்போதெல்லாம், நான் இன்னா மளிகைக்கடையா வெச்சிகினு கீறேன் என்று மல்லுக்கு நிற்பவர். அன்று நிற்கவில்லை. சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அண்ணாச்சி, நீங்களாச்சும் சொல்லுங்க. என்னைய எடுப்பாகளா, மாட்டாகளா?”

அவர் பிசைவதை நிறுத்தினார்.

“மாட்டாங்கப்பா. இந்த மாசத்தோட சரி. அதான் நீ இல்லாமலே எல்லாம் தொறக்குதே, இனிமே இவன் எதுக்குன்னு மீட்டிங்ல கேட்டாங்க. மேனேஜரும் ஆமான்னுட்டாரு. நானும் அங்கதான் குந்திகினு இருந்தேன். வாயத் தொறக்கல.”