கழித்தல் முதலில்

டீச்சர் பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தபோது, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்துக் கிடந்தது. ஐந்து மாதமாக யாரும் தொடாத கார். காலையில் சாவியைத் திருப்பியதும் ஒருமுறை கனைத்துவிட்டு அடங்கிப்போனது. நாளைக்குத் தன் கணவர் மாஸ்டரைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கணவர் இந்த வேலையைச் செய்வதை எத்தனையோ தடவை பார்த்தவளுக்கு, நாமே செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

மாஸ்டர் வாசல் நிழலில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஊரில் பாதிப் பேரைச் சாலையில் இறக்கிவிட்ட மனிதர். பக்கவாதம் வந்த நாளிலிருந்து வாயில் ஒரு சொல் இல்லை. "ஏதாவது ஒரு வார்த்தை தானா வந்துட்டா போதும்மா, அதப் புடிச்சு மத்தத இழுத்துரலாம்" என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். அவள் பூ படம் காட்டுவாள், பூனை படம் காட்டுவாள். இவர் விட்டத்தைப் பார்ப்பார். வீட்டுச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் ஆகிவிட்டது. டீச்சர் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே பேசிக்கொண்டாள்.

"வளையலக் கழட்டிட்டேன். கையுறை போட்டாச்சு. சாவி உள்ள மேசைமேல இருக்கு. சரிதானங்க?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். மதிய வெயில் கண்ணாடியில் பட்டு மதில்மேல் மெல்ல ஆடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவளுக்கும் லேசாகச் சொக்கியது. அந்தச் சொக்கலிலேயே ஸ்பேனரை எடுத்துக் கூட்டல் குறி போட்ட சிவப்பு வயரின் நட்டில் மாட்டினாள். இருபத்தெட்டு வருஷம் கணக்கு நடத்தியவள். கூட்டலைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் கழித்தல். கை பழக்கத்துக்குப் போய்விட்டது.

"அறிவிருக்கா?"

ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் விழுந்தது. குரல் கரகரவென்று இருந்தாலும் அவருடையதுதான். கழித்தல் குறி போட்ட கறுப்பைக் கழற்றாமல் சிவப்பில் கை வைத்து, ஸ்பேனர் காரின் தகட்டில் பட்டுத் தொலைத்தால் பொறி பறக்கும் என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் முப்பது வருஷம் அவரோடு மல்லுக்கு நின்றாள். ஊருக்கே கணக்குச் சொல்லிக்கொடுப்பவளைப் பார்த்து அறிவிருக்கா என்றால் கோபம் வராதா? இன்றைக்குப் பம்பரைப் பிடித்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு எந்தப் பாராட்டிலும் வந்ததில்லை. தன் வாயிலிருந்து வந்ததை நம்ப முடியாமல் மாஸ்டர் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். உதடுகள் அசைந்தன. காற்றுதான் வந்தது. அவர் முகம் சுருங்கியது.

அவள் வற்புறுத்தவில்லை. கறுப்பை முதலில் கழற்றினாள், பிறகு சிவப்பு. பேட்டரியின் மேல்மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரைப் பழைய பல்விளக்கும் பிரஷால் தொட்டு முனைகளில் தடவினாள். பொடி புஸ்ஸென்று நுரைத்து வழிந்தது. அது அடங்கும்வரை இருவரும் அதையே பார்த்தார்கள். ஈரத்துணியால் ஒற்றி, காய்ந்த துணியால் துடைத்ததும் ஈயம் மங்கலாக மின்னியது.

திரும்ப மாட்டும்போது சிவப்புதான் முதலில், கறுப்பு கடைசியில். அது டீச்சருக்கு நன்றாகத் தெரியும். சிவப்பு வயரைத் தொடாமல் விட்டுவிட்டுக் கறுப்பைக் கையில் எடுத்தாள்.

"ஏங்க, இதத்தான மொதல்ல மாட்டணும்?"

மாஸ்டர் நாற்காலிக் கையைப் பிடித்து முன்னால் சாய்ந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கறுப்பு வயரின் வளையத்தை முனைக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்தபடி, கை வலித்தும் கீழே இறக்காமல், அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.