சொந்தக்காரர் விதி

கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து ரயில் நகர்ந்ததுமே மனோகர் துணிப்பையை விரித்து, "எல்லாரும் போனை இதுல போடுங்க. பந்தயச் சீட்டு வாங்கி முடிக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றான். தினமும் அவனோடு அதே பெட்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ஐடாவும் ஞானசுந்தரியும் சித்தார்த்தனும் முனகிக்கொண்டே போட்டார்கள். அன்று பெங்களூரில் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்துப் போட்டி தொடங்குகிறது. பதினாறு அணிகள், நான்கு நாள். தினமும் ஆளுக்கு ஓர் அணியைத் துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும். அந்த அணி ஜெயித்தால் எழுதியவர் தப்பினார், தோற்றால் வெளியே. ஒருமுறை எழுதிய அணியை மறுபடி எழுத முடியாது. கடைசிவரை தாக்குப்பிடிக்கிறவருக்கு ஒரு வருஷம் ஜன்னலோர இடம். பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறுவதற்குள் மிச்ச விதிகளைப் பேசி முடித்தாக வேண்டும்.

மனோகர் தன் நிழலையே சந்தேகப்படுகிற ஆள். போன வருஷம் கிரிக்கெட் பந்தயத்தில், மழையில் நின்றுபோன ஒரு ஆட்டத்துக்காகச் சித்தார்த்தனோடு ஒரு வாரம் பேசாமல் வந்தவன். கையெழுத்து இல்லாத சீட்டு செல்லாது, அடித்துத் திருத்தினால் செல்லாது என்று இன்றும் அடுக்கிக்கொண்டே போனான். ஐடா காத்திருந்தாள். அடுத்தது தன் தலைதான் என்று அவளுக்குத் தெரியும். அவள் மகள் நிக்கோல் அந்தப் பதினாறில் ஒரு கல்லூரிக்காக ஆடுகிறவள். ஹாஸ்டலிலிருந்து தினமும் இந்த நேரத்துக்கு அம்மாவைக் கூப்பிடுவாள். இரண்டு வருஷமாக இந்தப் பெட்டியில் மகளைப் பற்றி ஐடா அளக்காத அளப்பில்லை. சொந்தக்காரர் ஆடுகிற அணியை எழுதக் கூடாது என்று மனோகர் கிளப்பினால் எப்படி மல்லுக்கட்டுவது என்று, நேற்று கம்பெனியில் தைத்துக்கொண்டே யோசித்து வைத்திருந்தாள்.

அவன் கிளப்பவில்லை. "அவ்ளோதான், எழுதுங்க" என்று பேனாவை நீட்டினான்.

ஐடாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இன்னா மனோகர், என் பொண்ணு டீமை நான் எழுதக் கூடாதுன்னு ரூல் போடலையா?"

"அது இன்னாத்துக்குக்கா? யார் வேணா எது வேணா எழுதட்டும்."

"ஆமா, போடணும்ல..." என்று ஆரம்பித்த சித்தார்த்தனை ஞானசுந்தரி முழங்கையால் இடித்தாள். அவளுடைய மகள் மமதாவும் நிக்கோல் கல்லூரியில்தான் படிக்கிறாள். இடித்த கையோடு ஞானசுந்தரி டிபன் டப்பாவைத் திறந்து அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரையே சந்தேகப்படுகிறவன் தன்னை மட்டும் ஏன் விட்டான்? கட்டுப்படுத்த ஆள் இல்லாத விதியை யாராவது போடுவார்களா? அப்படியென்றால் நிக்கோல் இப்போது அந்த அணியிலேயே இல்லையா? ஆறு வாரமாக அவள் ஜெர்சி வீட்டுக்குத் துவைக்க வரவில்லை. ஹாஸ்டலில் வாஷிங் மெஷின் வந்துவிட்டது என்று நிக்கோல் சொன்னதை ஐடா நம்பியிருந்தாள். முன்பெல்லாம் யாருக்குக் கால் சுளுக்கு, யாருக்குக் காய்ச்சல் என்று மூச்சுவிடாமல் பேசுகிறவள், இப்போது சாப்பிட்டியாம்மா என்பதோடு வைத்துவிடுகிறாள். மூன்று பேர் மேலும் ஐடாவுக்குக் கோபம் பொங்கியது. மமதா சொல்லி எத்தனை நாளாகத் தெரியும் இவர்களுக்கு? சந்தேகப்பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பை மனோகரின் மடியில் அதிர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவன், "நிக்கோல் பாப்பாதான். பரவால்லக்கா, எடுத்துப் பேசுங்க" என்றான்.

தான் போட்ட விதியை மனோகர் தானே மீறி அவள் பார்த்ததில்லை.

"சீட்டு வாங்கி முடிக்காம தொடக் கூடாதுன்னு நீதானே சொன்ன? ரூல்னா ரூல்தான்."

மகளின் கல்லூரிப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு, நான்காக மடித்தாள். மற்ற மூன்று சீட்டும் மனோகரின் சட்டைப் பைக்குப் போய்விட்டன. ஐடா தன்னுடையதைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

பங்காருப்பேட்டை பிளாட்பாரம் வந்துவிட்டது. மனோகர் நீட்டிய கையை மடக்கவில்லை. பைக்குள் போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்கத் தொடங்கியது.