ஆமை அசையாத ஞாயிறு

"எழுந்திருடா! ஏய், எழுந்திரு!"

பெரியவள் தரையில் மண்டியிட்டு, ஆமையின் முதுகிலிருந்த பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். நகம் வெளுத்துப் போயிற்று. விளக்கு எரியவில்லை. 'டிங்' இல்லை. சுத்தம் செய்யத் தயார் என்று மூக்கால் பேசும் அந்தப் பெண் குரலும் இல்லை.

விட்டாள். மூச்சு வாங்கினாள். மறுபடி அழுத்தினாள்.

ஆமை செத்த மாதிரி கிடந்தது.

ஆமை என்பது வீடு பெருக்கும் ரோபோ. கறுப்பு நிறம், தட்டை உடம்பு, சப்பாத்திக் கல் அளவு வட்டம். சோபாவுக்கு அடியில் புகுந்து, நாற்காலிக் கால்களில் முட்டி, மன்னிப்புக் கேட்காமல் திரும்பி, வேலை முடிந்ததும் தானே போய்ச் சுவரோரம் இருக்கும் சார்ஜர் மேடையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவள் தாமதமாகத்தான் எழுவாள். எழுந்ததும் முதலில் போனைத்தான் பார்ப்பாள். அதுவரைக்கும்தான் அவகாசம். அதற்குள் இது ஓட வேண்டும்.

ஓடாவிட்டால்?

மறுபடி பொத்தானில் கட்டைவிரலை வைத்தாள்.

அப்பா அம்மா போன பிறகு இந்த இரண்டாம் மாடி வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும்தான். பெரியவள் பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன். சின்னவள் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். யாரும் வந்து கேட்காததாலோ, வந்தவர்களைப் பிடிக்காததாலோ, இரண்டு பேருக்குமே கல்யாணம் ஆகவில்லை. சண்டை போட்டுக்கொண்டே சந்தோஷமாக இருந்தார்கள். ஆமையை வாங்கியது சின்னவள்தான். "உனக்கு இடுப்பு வலி, எனக்கு உடம்பு வணங்காது, மூணாவதா ஒருத்தன் வேணும்" என்றாள்.

நாலாவதாக ஒருவர் வருவார் என்று பெரியவள் எதிர்பார்க்கவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மனைவியை இழந்தவர். நாற்பத்தாறு வயதில் சின்னவள் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது, பெரியவள் கையிலிருந்த கரண்டியை அப்படியே சிங்கில் போட்டாள்.

"கண்ணு டெஸ்ட் பண்ணப் போனவ, கண்ணே தெரியாம திரும்பி வந்திருக்கே!"

"சிரிப்பு வரலை. நீ வர்றியா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"வர மாட்டேன். இந்த வயசுல உனக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்க எனக்கு வெக்கமா இருக்கு."

வெட்கம் இல்லை. பயம். தனியாகிவிடுவோம் என்ற பயம். அதை எந்த அக்கா வாய்விட்டுச் சொல்வாள்?

பதிவு அலுவலகத்துக்குப் பெரியவள் போகவில்லை. பெட்டியோடு சின்னவள் கிளம்பிய அன்று, "உன் ஆமையையும் தூக்கிக்கிட்டுப் போ" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சின்னவள் வாசலில் நின்றாள்.

"அது இங்கேயே இருக்கட்டும். அதோட ஜாதகமே என் போன்லதான் இருக்கு. ஓடினாலும் தெரியும், நின்னாலும் தெரியும். நீ அதை என்னைக்கு அணைச்சுப் போடறியோ, அன்னைக்கு எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லைன்னு தெரிஞ்சுக்கறேன்."

அதுதான் கடைசிப் பேச்சு. அதன் பிறகு போன் இல்லை, மெசேஜ் இல்லை.

ஆனால் மறுநாள் காலை, பல் கூடத் தேய்க்காமல், பெரியவள் ஆமையின் பொத்தானை அழுத்தினாள். அது வீடு முழுக்கச் சுற்றிவிட்டு மேடையில் போய் உட்கார்ந்தது. எங்கோ ஒரு போனில் 'சுத்தம் முடிந்தது' என்று ஒரு வரி வந்திருக்கும். அவ்வளவு போதும்.

ஒருநாள் மறந்துவிட்டாள். வாய் நிறைய நுரையோடு நின்றுகொண்டிருந்தபோது, யாரும் தொடாமலே ஆமை தானாகக் கிளம்பியது. ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. பிறகு புரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ போனில் அழுத்தியிருக்கிறார்கள்.

*இருக்கியா?*

குனிந்து பொத்தானை அழுத்தி அதை நிறுத்தினாள்.

*இருக்கேன். தொல்லை பண்ணாதே.*

அப்படியே வழக்கமாகிவிட்டது. தினமும் அவள் அழுத்துவாள். தாமதமானால் அங்கிருந்து கிளப்புவார்கள், இவள் நிறுத்துவாள். ஆமையின் முதுகு வழியாக நடந்த இந்தப் பேச்சில் இதுவரை ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை.

நேற்று அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதே பல் கிட்டிப்போகிற நடுக்கம். கதவைச் சாத்தியது நினைவிருக்கிறது. செருப்போடு கட்டிலில் விழுந்தது நினைவிருக்கிறது. சனிக்கிழமை எங்கே போனதென்றே தெரியாது. கனவில் ஏதோ கட்டில் காலில் முட்டி முட்டிச் சத்தம் போட்டது. அப்புறம் சத்தம் நின்றது. யாரோ போர்வையை இழுத்து விட்ட மாதிரி இருந்தது. அம்மா என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

இன்று காலை உடம்பு லேசாகி, வியர்த்து, கண் திறந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் டம்ளரில் தண்ணீர், மேலே ஒரு சின்னத் தட்டு போட்டு மூடியிருந்தது. ஜுர மயக்கத்திலும் நமக்கு என்ன பொறுப்பு என்று மெச்சிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். செருப்பு வாசலில் ஒழுங்காக ஜோடியாக இருந்தது. கதவைப் பார்த்ததும்தான் திக்கென்றது. உள்பக்கச் சங்கிலி மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது! தனியாக இருக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் சங்கிலி மாட்டாமல் படுத்ததே இல்லை. தலையில் அடித்துக்கொண்டு உடனே மாட்டினாள்.

அடுத்த நினைவு ஆமை.

நேற்று ஓட்டவில்லை. அங்கிருந்து கிளப்பியிருப்பாள். நிறுத்த ஆளில்லை. இன்றும் ஓடாவிட்டால், 'அணைச்சுட்டா' என்று முடிவு கட்டிவிடுவாள். இப்போது பார்த்து இந்தச் சனியன் கண் திறக்க மாட்டேன் என்கிறது.

தொப். தொப். உள்ளங்கையால் முதுகில் தட்டினாள்.

அழைப்பு மணி அடித்தது.

துள்ளி எழுந்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள். சங்கிலியோடு கதவைத் திறந்தால், எதிர்வீட்டுத் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"என்னக்கா, காலங்காத்தால யாரைப் போட்டு மொத்துறீங்க?"

"ஆமை ஓடலை."

"அடடா. குலுக்கிப் பாருங்க. எங்க மிக்ஸி ரெண்டு குலுக்கு குலுக்கினாதான் வேலை செய்யும். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்."

பெரியவளுக்குச் சிரிக்க நேரமில்லை. சங்கிலியை எடுத்து உள்ளே விட்டாள்.

தையல்காரி குனிந்து பார்த்தாள். "முதல்ல கரண்ட் வருதான்னு பார்த்தீங்களா?"

டேபிள் லாம்ப்பைக் கொண்டுவந்து அதே பிளக்கில் சொருகினாள் பெரியவள். பளிச்சென்று எரிந்தது. சார்ஜரை மறுபடி சொருகினாள். மேடையில் பச்சை விளக்கு. மேடைக்கு உயிர் இருக்கிறது, ஆமைக்குத்தான் இல்லை.

"உங்க தங்கச்சி வாங்கினதுதானேக்கா? ஒரு போன் போட்டா அவங்களே சொல்லிடுவாங்களே?"

"அவ பிஸி."

"ஞாயித்துக்கிழமை கூடவா?"

"கண்ணாடிக் கடை. ஞாயித்துக்கிழமைதான் கூட்டம்."

தையல்காரி அதற்கு மேல் தோண்டவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினாள். "ஜுரம் விட்டுடுச்சா? வெள்ளிக்கிழமை படியேறும்போதே நடுங்கிக்கிட்டு வந்தீங்களே. முகம் வாடிப்போயிருக்கு. நேத்து மத்தியானம் உங்க கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. டாக்டரைப் பார்த்துட்டு வந்தீங்களோன்னு நினைச்சேன்."

"நான் எங்கே போனேன்? படுத்த படுக்கையா கிடந்தேன். மேல் மாடி வீடா இருக்கும்."

"இருக்கும். ஆனா அவங்க கதவை உடைக்கிற மாதிரில்ல சாத்துவாங்க? இது ரொம்ப மெதுவா இருந்துச்சு."

போய்விட்டாள். பெரியவள் சங்கிலியை மாட்டினாள். சார்ஜர் மேடையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த உதவி எண்ணைப் போனில் அழுத்தினாள்.

பாட்டு வந்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றார்கள். மறுபடி பாட்டு. அவ்வளவு முக்கியமென்றால் எடுத்துத் தொலைய வேண்டியதுதானே!

"வணக்கம் மேடம், சொல்லுங்க." சின்ன வயதுக் குரல். பின்னால் பிஸ்கட் பாக்கெட் கிழிகிற சத்தம்.

"ஆமை... ரோபோ ஆன் ஆகலை. அவசரம். சீக்கிரம் சொல்லுங்க."

"தூசி மேல இவ்வளவு கோபம் நான் பார்த்ததே இல்லை மேடம்." அவன் தானே சிரித்துக்கொண்டான். "சரி, ஸ்டாண்டுல விளக்கு எரியுதா?"

"எரியுது."

"ரோபோவுக்கு அடியில ரெண்டு தகடு இருக்கும். காஞ்ச துணியால துடைங்க. அழுக்கு ஏறினா சார்ஜ் ஏறாது."

புரட்டினாள். முந்தானையாலேயே துடைத்தாள். தகடுகள் பளபளத்தன. மேடையில் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

இருட்டு.

"விடாம அழுத்துங்க மேடம். நான் சொல்ற வரைக்கும்."

அழுத்தினாள். அவன் பிஸ்கட்டைக் கடித்தான். கடிகாரம் டிக் டிக் என்றது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். சின்னவள் இந்நேரம் எழுந்திருப்பாள். போனைத் தேடித் தலையணைக்கு அடியில் கையை விட்டிருப்பாள்.

"ஒண்ணும் இல்லை தம்பி."

"நேத்து ஓடிச்சா?"

"ஓடியிருக்கும். எனக்கு ஜுரம், தூக்கத்துல இருந்தேன். வேற இடத்துலேர்ந்து போன்ல கிளப்பியிருப்பாங்க. பேட்டரி தீர்ந்திருக்குமோ?"

"வழியில நின்னு கிடந்துச்சா, ஸ்டாண்டுல இருந்துச்சா?"

"ஸ்டாண்டுல. நேரா, அழகா உட்கார்ந்திருந்துச்சு."

"அப்ப பேட்டரி இல்லை. தானா போய் உட்கார்ந்திருந்தா சார்ஜ் ஏறியிருக்கணுமே." பிஸ்கட் சத்தம் நின்றது. முதல் முறையாக அவன் குரலில் வேலை செய்கிற ஆள் தெரிந்தான். "மேடம், மறுபடி கவிழ்த்துங்க. ஓரத்துல சுத்துற பிரஷ்ஷுக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் மூடி இருக்கும். தெரியுதா?"

"இருக்கு. இதை நான் பார்த்ததே இல்லையே."

"நிறைய பேர் பார்த்ததில்லை. முதல்நாள் பொருத்தினவங்களுக்கு மட்டும்தான் தெரியும். நகத்தால நெம்புங்க. உள்ளே சின்னதா சிவப்பு ஸ்விட்ச். எந்தப் பக்கம் தள்ளியிருக்கு?"

மூடி எளிதாகத் திறந்தது. கடுகளவு சிவப்பு.

"இடது பக்கம்."

"அவ்வளவுதான்!" அவன் வெற்றி பெற்ற மாதிரி கத்தினான். "இடதுன்னா ஆஃப். மெயின் ஸ்விட்சை அணைச்சிருக்காங்க. ரிப்பேரே இல்லை மேடம். வலது பக்கம் தள்ளுங்க, எழுந்து உட்காரும்."

பெரியவள் நகத்தை ஸ்விட்சின் மேல் வைத்தாள். எடுத்தாள்.

"தம்பி, இது தானா நகருமா? எங்கேயாவது முட்டி?"

"சான்ஸே இல்லை. மூடியைத் திறந்து, கையாலதான் தள்ளணும். யாரோ அணைச்சிருக்காங்க."

"வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன்."

"குழந்தைங்க..."

"இல்லை."

அவன் கொஞ்சம் யோசித்தான். "சாதாரணமா இதை யாரும் தொட மாட்டாங்க மேடம். மேல இருக்கிற பொத்தானை அமுக்கினாலே நின்னுடும். ஆனா அது கொஞ்ச நேரத்துல 'சார்ஜ் செய்யச் செல்கிறேன்'னு கத்திக்கிட்டுக் கிளம்பும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுல, நோயாளி இருக்கிற வீட்டுலதான் மெயினை அணைச்சுத் தூக்கி ஓரமா வைப்பாங்க. தூங்கறவங்க முழிச்சுக்கக் கூடாதுன்னு." நிறுத்தினான். "நேத்து நீங்க தூங்கிட்டு இருந்தீங்கன்னு சொன்னீங்க இல்ல?"

பெரியவள் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கட்டில் காலில் முட்டிய சத்தம். அது நின்றது. போர்வை. வாசலில் ஜோடியாக நின்ற செருப்பு. மெதுவாகச் சாத்திய கதவு. டம்ளரின் மேல் ஒரு தட்டு.

அவள் டம்ளரை மூடுகிற ஜாதி இல்லை. தண்ணீரில் எறும்பு விழும், பூச்சி விழும், மூடி வை மூடி வை என்று இந்த வீட்டில் ஒருத்திதான் உயிரை எடுப்பாள்.

கிளப்பிப் பார்த்திருக்கிறாள். நிறுத்த ஆளில்லை. பயந்துபோய் ஓடி வந்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள். நெற்றியைக்கூடத் தொட்டிருப்பாள். பேசாமல் போயிருக்கிறாள். திமிர் பிடித்தவள். யாருடைய தங்கை!

"மேடம்? லைன்ல இருக்கீங்களா? தள்ளுங்க மேடம், பச்சை வரும்."

"வேண்டாம் தம்பி."

"என்ன மேடம்?"

"இதை அணைச்சவளே வந்து போடட்டும்."

"மேடம், அப்ப புகாரை முடிச்சுடவா?"

"முடிச்சுடுங்க."

போனை வைத்தாள். ரப்பர் மூடியை மூடி, ஆமையைத் தூக்கி மேடையில் நேராக, அழகாக வைத்தாள். டம்ளரைக் கழுவித் தண்ணீர் பிடித்து, அதன் மேல் அந்தச் சின்னத் தட்டைப் போட்டாள். இந்நேரம் அங்கே ஒருத்தி போனை வெறித்துக்கொண்டிருப்பாள். ஓடவில்லையே, நாம்தானே அணைத்தோம், மறுபடி போடாமல் வந்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

வாசலுக்குப் போய், கதவின் சங்கிலியைக் கழற்றித் தொங்கவிட்டாள். மணி அடிக்கிறதா என்று காத்திருக்கத் தேவையில்லை.

பெட்டியோடு கிளம்பிய அன்று, சின்னவள் எல்லாவற்றையும் திருப்பித் தந்தாள், வாசல் சாவியைத் தவிர. பெரியவளும் அதைக் கேட்கவில்லை.