எலெயுத்தேரியோ செத்திருக்கிறார்

புதைத்த ஒன்பதாம் நாள், ஜெபம் முடிந்து ஆட்கள் கலைவதற்குள் எலெயுத்தேரியோ வீட்டுக்கு வந்து பூண்டு சூப் கேட்டார். வால்தெமோரால் ஊரில் யாரும் அலறவில்லை. உட்கார ஒரு நாற்காலி குறைந்தது, அவ்வளவுதான். அவர் மனைவி பெனிக்னாதான் கொதித்துப்போனாள். கோவேறு கழுதை வாங்கிய ஒரே கதையைச் சொல்லி முப்பத்தோரு வருஷம் அவள் கழுத்தை அறுத்த மனுஷன். பிறந்தது முதல் பார்த்திராத கடலைப் பார்க்க, மறுநாள் சாந்தாந்தேருக்கு பஸ் ஏறுவதென்று அவள் பெட்டி கட்டி வைத்திருந்தாள்.

"செத்த மனுஷனுக்கு சூப்பு எதுக்கு?"

"செத்துத்தான் இருக்கேன், இல்லேன்னா சொன்னேன்? ஆனா நீங்க எல்லாரும் எஸ்தார் போட்டுல்ல சொன்னீங்க!"

குற்றம் மொழியுடையது. ஸ்பானிஷில் இருப்பதற்கு இரண்டு வினைகள். செர் போட்டுச் சொன்னால் அது ஆளின் சுபாவம், ஒட்டிக்கொள்ளும். எஸ்தார் போட்டால் இப்போதைய நிலைமை, மாறினாலும் மாறும். சூப் சூடாக இருக்கிறது என்பதற்குப் போடும் எஸ்தாரையே முன்னோர்கள் சாவுக்கும் போட்டு வைத்திருந்தார்கள். பாதிரியார் தோன் உல்பியானோ செர் போட்டு அவரைச் செத்தவர் ஆக்கப் பார்த்தார். மூன்று தடவை முயன்றார், மூன்று தடவையும் விக்கல் வந்தது.

"இலக்கணம் எடங்குடுக்கல தாயீ," என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எலெயுத்தேரியோ கழுதைக் கதையை ஆரம்பித்தார். ஊரார் அவரை 'அபுர்ரீதோ' என்பார்கள், செர் போட்டு. அறுவை ஆசாமி என்று அர்த்தம். அதே சொல்லுக்கு எஸ்தார் போட்டால், அலுத்துப்போயிருக்கும் ஆள். பெனிக்னா கரண்டியை வைத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி எஸ்தார் போட்டுக் கத்தினாள்: "எம்புருஷன் அலுத்துப்போயிருக்காரு!"

கழுதை பேரம் படிவதற்குள் அவர் நிறுத்தினார். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

"ஏ பெனிக்னா, இந்தக் கண்றாவியை நீ எப்படித்தான் கேட்டுக்கிட்டு இருந்தே?"

கல்யாணமானதிலிருந்து அவர் அவளைக் கேட்ட முதல் கேள்வி அது. அவள் கரண்டியை மறுபடி எடுத்து சூப்பை வேகவேகமாகக் கிண்டினாள்.

மறுநாள் இருவருமாக பஸ் ஏறினார்கள். கடலில் அவர் முழங்கால் வரை இறங்கி, மீன்காரிகளிடம் ஒவ்வொரு மீனின் பெயரையும் விசாரித்தார். மாதா கோவில் பதிவேட்டில் இன்றும் அவர் செத்துத்தான் இருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் சீட்டாட்டத்துக்கு நாலாவது கை அவர்தான். அவர்மேல் லேசாகக் கல்லறை மண்வாசனை அடிக்கும். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு சீட்டைக் கலைக்கிறார்கள்.